கடலுக்குக் காலண்டர் கிடையாது

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். உன் நலத்தைக் கேட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன், அதற்குள் அந்தக் குளிர் நாட்டில் உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் தம்பி போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அலையில் சறுக்கி விளையாடப் போன இடத்தில் நீ கைகால் விறைத்து, பலகையைப் பிடிக்கக்கூட முடியாமல் மிதந்ததையும், அவன் நீந்தி வந்து உன்னைக் கரைக்கு இழுத்துப் போட்டதையும்தான் "லேசா குளிருச்சும்மா" என்று எனக்குச் சொல்லியிருக்கிறாய். எவ்வளவு அழகாகச் சுருக்குகிறாய், பத்திரிகை வேலைக்குப் போயிருக்கலாம்.

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த ரப்பர் உடுப்பு, வெட்சூட்டோ என்னவோ, உனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. தோளில் நீலக் கோடு, உதடும் அதே நீலம், நல்ல பொருத்தம். இரண்டு மில்லிமீட்டர் கனமாம், என் தையல் கடையில் காலருக்குள் வைக்கிற துணியே அதைவிடத் தடிமனாக இருக்கும் போல. கடைக்காரர் தண்ணீர் இன்னும் பத்து டிகிரிதான் என்று சொல்லி ஐந்து மில்லிமீட்டரை எடுத்துக் காட்டினாராம். நீ "வெயில் அடிக்குது, இந்த யானைத்தோல் எனக்கு எதுக்கு" என்று சிரித்தாயாம். அதையும் தம்பி சொன்னான்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை. பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருக்கிற உன் அப்பா, மார்ச் மாதம் பிறந்து காலண்டர் தாளைக் கிழித்த கையோடு கம்பளிகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார். வெளியே பல் கிட்டுகிற குளிராக இருந்தாலும் சரி, முழங்காலை நெஞ்சோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு "எனக்கொண்ணும் குளிரல" என்பார். அவர் பஸ்ஸுக்குக் குறிக்கிற மாதிரி கடலுக்கும் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாய் போல. "வெயில் வந்தா காத்து உடனே சூடாயிடும்மா, கடல் சூடாக மாசக்கணக்காகும், குளிர்காலம் முடியறப்பதான் தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கும்" என்றான் தம்பி. அண்டாத் தண்ணீரை அடுப்பில் ஏற்றி, பற்றவைத்த கையோடு குளிக்கப் போகிறவனை என்ன சொல்வது. கோடை முடிந்த பிறகும் கொஞ்ச நாள் கடல் இதமாகத்தான் இருக்குமாம், அப்போது அந்த மெல்லிசு உடுப்பை மாட்டிக்கொண்டு போய் ஊரையே மயக்கு, யார் வேண்டாம் என்றது.

அடுத்த மாதமும் அதையே போட்டுக்கொண்டு போகப் போகிறாயாம். அன்றைக்குத் தம்பிக்கு மட்டும் டியூட்டி இருந்திருந்தால்? அவன் போனை வைத்ததும் மெஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதேன். கேலி பேசியே கடிதத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. பயமாக இருக்கிறதுடா. கனமானதை வாங்கு, கைக்கும் காலுக்கும் உறை சேர்த்து வாங்கு. உனக்குச் சீருடை தைத்தபோதெல்லாம் வளர்கிற பிள்ளை என்று தாராளமாக விட்டுத் தைத்தேன், அந்தப் பழக்கத்தில் இதையும் தொளதொளவென்று எடுத்துவிடாதே. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டுமாம், இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்குமாம்.

உன் அப்பாவிடமும் விஷயத்தைச் சொன்னேன். நேற்று வேலைக்குக் கிளம்பும் முன் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஒரு கம்பளியை இறக்கினார். ஏற்றிய கம்பளியை அவர் இப்படி இறக்கி நான் பார்த்ததே இல்லை. ஒருவழியாகக் குளிருதுன்னு ஒத்துக்கிட்டீங்களே என்றேன். "எனக்கில்ல" என்றார். சாயந்திரம் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், உன் கட்டிலில் அதை விரித்து, ஓரமெல்லாம் மெத்தைக்கு அடியில் செருகி வைத்திருக்கிறார்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். கனமான உடுப்பைப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அது வரும்வரை அந்தக் கம்பளியை நாங்கள் மடிக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா