முறை வைத்து மூச்சு

மார்ச் 15

இன்று பாட்டு இல்லை. பேருந்துகள் ஓடுகின்றன, கடைகள் பாதிக் கதவைத் திறந்து வியாபாரம் செய்கின்றன. ஆனால் சேர்ந்து பாடக்கூடாது. வாயைத் திறந்தால் காய்ச்சல் பரவுமாம். எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் ஒத்திகை அறையைக் கொயர் மாஸ்டரே பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நான்கு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"ரெண்டே வாரம்தான்," என்றார். பூட்டிடம்.

மார்ச் 22

மாஸ்டரின் உத்தரவு: அவரவர் பாகத்தை அவரவர் வீட்டில் பழக வேண்டும். திரும்பக் கூடும் நாளில், நாங்கள் 'ஆமென்' என்று அழைக்கும் அந்த நீளக் கீதத்தைப் பாடுவோம்.

என் பாகம் ஆல்டோ. பெண்குரல்களில் கீழே இருப்பது. மேலே பாடும் சொப்ரானோகாரிகளுக்கு மெட்டு இருக்கிறது, குளியலறையில் பாடினாலும் அது பாட்டு. ஆல்டோ தனியாக வந்தால் பாட்டே இல்லை. ஒரு சுரத்தில் நிற்கும், சற்று இறங்கும், மறுபடி நிற்கும். மற்றவர்கள் இல்லாமல் எனக்கு அர்த்தமில்லை — எழுதிய பிறகுதான் தெரிகிறது எவ்வளவு பெரிய வாக்கியமென்று. அடித்துவிடலாமா? இருக்கட்டும்.

கீழ் வீட்டுத் தையற்காரர் படியில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, மோட்டாரை நிறுத்த மறந்துட்டீங்களா? ரொம்ப நேரமா ஓடுதே."

"நான் பாடிட்டிருந்தேன் அண்ணே."

"ஓ." கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டார். "நல்லாத்தான் ஓடுச்சு."

மார்ச் 29

மோட்டார் ஓடவில்லை.

ஏப்ரல் 5

நூலகத்தில் என் வேலை இப்போது புத்தகங்களைத் துடைப்பது. வாசகர்கள் இல்லை. 'அமைதி காக்கவும்' என்ற பலகை எனக்கு எதிரே. இவ்வளவு கீழ்ப்படிதலை அது பார்த்திருக்காது.

ஆமெனில் வரும் கடைசி 'ஆ'வைப் பற்றி எழுத வேண்டும். தனி ஆளால் அது முடியாது. யார் நெஞ்சிலும் அவ்வளவு காற்று கிடையாது. குழுவில் அதற்கு வழி உண்டு: பக்கத்தில் நிற்பவர் பாடும்போது நீ மூச்சு எடு, நீ பாடும்போது அவர் எடுப்பார். விட்ட இடம் வெளியே கேட்காது. என் பக்கத்தில் நிற்பது நர்ஸ் அக்கா. தன் முறை வந்ததும் முழங்கையால் என் விலாவில் ஒரு இடி. 'நான் எடுக்கிறேன், நீ பிடி' என்று அர்த்தம். சில ஞாயிறுகளில் விலா கன்றிப்போய் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

வீட்டில் முழங்கை இல்லை. 'ஆ' நடுவில் அறுகிறது. தினமும் ஒரே இடத்தில் அறுகிறது. சரி, அங்கேயே மூச்சு எடுத்துப் பழகிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 12

கைபேசியில் எல்லோரும் ஒன்றாகப் பாடிப் பார்த்தோம். நாசம். ஒருவர் குரல் வந்து சேர்வதற்குள் இன்னொருவர் அடுத்த வரியில் இருந்தார். ஆண்குரல்களில் கீழே இருக்கும் பேஸ் பாடுகிற பஸ் டிரைவர் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு, "நான் டைமுக்கு எடுத்துட்டேன், நீங்கல்லாம் இன்னும் ஸ்டாப்புல நிக்கிறீங்க," என்றார். சிரித்தோம். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"போதும். தனித்தனியாவே பழகுங்க."

திரையில் ஒவ்வொரு சதுரமாக அணைந்தது. நர்ஸ் அக்காவின் சதுரம் முதலிலிருந்தே இல்லை. வார்டில் வேலை.

ஏப்ரல் 27

அக்காவுக்குக் காய்ச்சல். அவர் வேலை செய்யும் வார்டிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம்.

இல்லை. அவங்களுக்கு இல்லை. அவங்களுக்குப் போய் ஏன் வரணும்?

ஏப்ரல் 30

கடவுளே, அக்கா. — இதற்கு மேல் ஜெபம் வரவில்லை. இது ஜெபமா?

மே 19

வீட்டுக்கு வந்துவிட்டார். அவரே அழைத்தார்.

"என்ன பெரிய படிப்பு, சாப்டியா?"

அந்தக் கேள்வியைச் சொல்லி முடிக்க நடுவில் நின்று மூச்சு எடுத்தார். நான் அழுததை அவர் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார்.

"இனிமே நான் பாட வரலடி. மாடி ஏறவே பாதியில உக்கார வேண்டியிருக்கு. இதுல ஆமெனாம். வேற யாரையாவது பக்கத்துல நிறுத்திக்கோ."

தத்துவத்தில் பட்டம் வாங்கியவள் நான். ஆறுதலாக வாயில் வந்தது இவ்வளவுதான்:

"யாரையும் நிறுத்த மாட்டேன்."

"பிடிவாதம் பிடிச்ச கழுத," என்று வைத்துவிட்டார்.

மே 24

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

மருத்துவர் அக்காவை மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். "சும்மா ஊது ஊதுன்றாங்க. நான் என்ன பலூன் விக்கப் போறேனா?" என்றார் போனில்.

"ஊதறதுக்குப் பதிலா 'ஆ' சொல்லுங்களேன். நம்ம 'ஆ'."

சொன்னார். சின்னதாக, நூல் மாதிரி. அறுந்துபோகும் நேரத்தில் நான் பிடித்தேன். எனக்கு மூச்சு முட்டியபோது அவர் வந்தார். பிறகு நான். பிறகு அவர்.

அப்புறம்தான் உறைத்தது. கைபேசியில் நாங்கள் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறோம்! தாளமுள்ள வரிகளைத்தான் தாமதம் கெடுக்கும். இது ஒரே சுரம். கொஞ்சம் பிந்தி வந்தாலும் அதே சுரம்தான் வந்து சேரும். முழுப் பாட்டிலும் இந்த ஒரு இடத்தில் தாமதம் எங்களை ஒன்றும் செய்ய முடியாது.

குதித்திருக்கிறேன் போல. கீழேயிருந்து தையற்காரர் தன் வீட்டுக் கூரையைத் தட்டினார்.

ஜூன் 18

"ஏய், இது என் முறை. நீ ஏன் உள்ள வர்றே?"

நடுவில் மூச்சு எடுக்காமல் திட்டிவிட்டார் அக்கா! நாள் முழுக்க சிரித்துக்கொண்டே புத்தகம் துடைத்தேன்.

ஜூலை 9

சேர்ந்து பாடுவதற்கான அனுமதி மறுபடியும் தள்ளிப்போனது. ஆண்களின் மேல்குரலான டெனரில் ஒருவர் குழுவை விட்டே விலகிவிட்டார். 'பொறுமை' என்று ஒரே சொல்லை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார் மாஸ்டர். அவருக்கே சொல்லிக்கொண்டதோ?

அக்கா இன்று மாடிக்கு உட்காராமல் ஏறினாராம். "மேல போய் ஒரு 'ஆ' விட்டேன். எதிர் வீட்டு நாய் ஓடிருச்சு."

ஜூலை 26

நான் மூச்சு எடுக்கும் நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லை. என் முறை வந்ததும் பாடினேன். நிறுத்தினேன், அவர் முறைக்கு இடம் விட்டேன், மறுபடி பாடினேன். யாருமில்லாத போனில். பைத்தியமா எனக்கு?

திரும்ப இணைப்பு வந்ததும் கேட்டேன்: "கட் ஆயிடுச்சு, தெரியுமா?"

"தெரியும். நான் பாட்டுக்கு என் முறையைப் பாடிட்டிருந்தேன். நீயும் பாடிட்டுதானே இருந்தே?"

கேள்விகூட இல்லை அது.

விசுவாசம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். இன்றைக்கு அதை எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவேன்.

செப்டம்பர் 13

பூட்டு திறந்தது.

ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஒரே தூசி, ஒரே தும்மல், தும்முகிறவரை எல்லோரும் முறைத்தோம். விலகிப்போன டெனர் கதவோரம் வந்து நின்றார். மாஸ்டர் அவருடைய பழைய இடத்தைக் காட்டினார். அக்காவுக்கு நாற்காலி போட்டோம். அதைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றார். பாதியாக இளைத்திருந்தார்.

நேராக ஆமென். மாஸ்டரின் கை உயர்ந்தது, இறங்கியது.

என் பாகம் பாட்டாகிவிட்டது. முதல் வரியிலேயே. எனக்கு மேலும் கீழும் குரல்கள்.

பிறகு அந்த 'ஆ'. நானும் அக்காவும் முறை மாற்றிக்கொண்டே போனோம். மூச்சு எடுக்கும் முறை எனக்கு வந்தது. அக்காவை இடித்துவிட்டு மூச்சு எடுத்தேன். அதே நொடியில் அறை காலியானது. சொப்ரானோ, டெனர், பேஸ், மற்ற ஆல்டோக்கள் — எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் மூச்சு எடுத்தார்கள். மாதக்கணக்கில் வீட்டில் தனியாகப் பழகிய இடம்! எனக்கு எங்கே அறுந்ததோ அங்கேதான் எல்லோருக்கும் அறுந்திருக்கிறது.

அந்தப் பெரிய ஓட்டையில் ஒரே ஒரு குரல். மெல்லியது. கரகரப்பானது. நிற்கவில்லை.

அக்கா.

நெஞ்சில் ஒன்றுமில்லாமல் படுத்துக் கிடந்தவர், அத்தனை பேருடைய சுரத்தையும் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநொடி எல்லோரும் அதன் மேல் ஏறினோம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தியமாக அதிர்ந்தது.

முடிந்தது. மாஸ்டரின் கை இறங்க மறந்திருந்தது.

"எல்லாரும் என்னை மாட்டிவிட்டுட்டு எங்கய்யா போனீங்க?" என்றார் அக்கா.

"வண்டியை நீங்கதான்க்கா ஓட்டுனீங்க," என்றார் பஸ் டிரைவர். "நாங்க எல்லாம் டீ குடிக்க இறங்கிட்டோம்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணைத் துடைக்க அது ஒரு சாக்கு.

"இன்னொரு தடவை. தயவுசெஞ்சு இனிமே யாரும் ஒத்துமையா மூச்சு விடாதீங்க."

செப்டம்பர் 22

"என்னம்மா, மோட்டார் ரிப்பேரா? சத்தத்தையே காணோம்," என்றார் தையற்காரர்.

"வேற இடத்துக்கு மாத்திட்டோம் அண்ணே. ஞாயித்துக்கிழம வாங்க, நிறைய மோட்டார் ஓடும்."

குனிந்து செருப்பு மாட்டும்போது விலாவில் சுருக்கென்றது. முந்தாநாள் ஆராதனையில் அக்கா கொடுத்த இடி. சட்டையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகக் கன்றியிருக்கிறது.