கிணற்றில் விழுந்தவனும் பஞ்சாயத்து போர்டும்

ஆவணி 4, திங்கள்

காலை முழுக்கத் தூறல். காற்று தோல் பதனிடும் ஷாப்பு பக்கமிருந்து, நாற்றத்தோடு. என் சம்சாரம் சாந்தா ஜன்னலைச் சாத்திவிட்டு என்னை முறைத்தாள், அந்தக் காற்றை நான்தான் அனுப்பிவைத்தது போல.

டிஸ்பென்சரிக்கே வீட்டுக்காரர் வந்துவிட்டார். நான் வாசகசாலை நடத்தும் அவருடைய முன்னறையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். தோல் பதனிட ஷாப்புக்குப் போகும் ஆவாரம்பட்டை மூட்டை அடுக்கப் போகிறார். வாதாடினேன். "பட்டை வாடகை தரும் கம்பவுண்டரே. பேப்பர் இன்னா தரும்?" வீட்டுக்கு வந்தபின்தான் மூன்று நல்ல பதில்கள் வந்தன.

ஒரே வழி, பஞ்சாயத்து போர்டு வசமிருக்கும் பழைய சுங்கச் சாவடி. காலியாகக் கிடக்கிறது. வருகிற வாரம் செவ்வாய் கூட்டம். அதிலும் வில்லங்கம். பிரசிடெண்டு சபாபதி அதை மாட்டுப் பட்டியாக்கப் பார்க்கிறார், தெருவில் திரியும் மாடுகளை அடைக்க. மெம்பர்கள் ஐந்து பேர். பிரசிடெண்டும் அவர் மைத்துனரும் மாட்டுக் கட்சி. போதகர் ஐயா நம் கட்சி. மீதி அரிசி மண்டி ராமலிங்கம், தோல் மண்டி கரீம் சாயபு. இருவரும் வேண்டும். ஒருவர் நழுவினாலும் வாசகசாலை என் கட்டிலுக்கடியில்.

சாந்தா: "கட்டிலுக்கடியில உளுந்து மூட்டை கீது."

ஆவணி 5, செவ்வாய்

மேகமூட்டம். க்வினைன் தீர்ந்துவிட்டது, ஆம்பூருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ராமலிங்கத்தைப் பார்க்கப் போனேன். கல்வி, நாகரிகம், ஜன முன்னேற்றம் என்று ராத்திரியெல்லாம் தயாரித்த பேச்சு. "மகாஜனங்களின் அறிவுக்கண்" வரை வந்தேன். அவர் நாக்கை நீட்டினார். "மஞ்சளா கீதா பாருங்க. வயிறு சரியில்ல." பேதி உப்பு சொன்னேன். சாவடி? "பார்க்கலாம்."

போதகர் ஐயாவும் "பார்க்கலாம்" என்றார், நம் கட்சியாக இருந்தும். மெம்பரானால் வாயில் தானாக வரும் போலிருக்கிறது.

சாயந்திரம் ரஹமத். கரீம் சாயபு மண்டியில் கணக்குப்பிள்ளை, என் தோஸ்த், வாசகசாலைக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவன். "நீ உனக்கு வேண்டியதையே பேசினு கீறே. அவங்களுக்கு இன்னா வேணும்னு எப்பனா கேட்டியா?" கேட்டதில்லை. கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டான் என்ற கோபம்.

ஆவணி 6, புதன்

வெயில். மானம் போயிற்று.

தோல் மண்டி. ஆட்டுத்தோல் இறங்கிய நாள், நல்ல கூட்டம். ரஹமத் சொன்னபடியே ஆரம்பித்தேன். "சாயபு, உங்களுக்கு என்ன வேணும்?"

சாயபு சந்தோஷப்பட்டார். "எங்க ஷாப்பு ஆளுங்களுக்கு பேப்பர் கேக்கணும்னு ஆசை. யாராச்சும் படிப்பாங்களான்னு ஸ்டேஷனாண்ட ஓடறாங்க. வேலை பேஜாரா கீது. நீங்க வந்து படிச்சா நல்லது. வாரத்துல எத்தினி நாளு வருவீங்க?" கேட்டுவிட்டு, தோள் துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு என் பக்கம் நீட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

உடம்புக்கு ஏதோ, நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சம் என்று எண்ணினேன். நேற்று நாக்கு, இன்று நாடி. துண்டுக்குள் கைவிட்டேன். விரல்கள் அத்தனையையும் சேர்த்துப் பிடித்து நிமிர்த்தினேன். வீக்கம் உண்டா என்று இரண்டு விரலை அழுத்தினேன். மணிக்கட்டைத் தேடுவதற்குள் சாயபு கையை உருவிக்கொண்டு, "முடிஞ்சுது!" என்றார். மண்டியே திரும்பிப் பார்த்தது.

"இன்னும் நாடி பார்க்கலியே" என்றேன்.

ரஹமத் என்னை வெளியே இழுத்துப்போய்த் தலையில் அடித்துக்கொண்டான். இங்கே பேரம் வாயால் இல்லை, துண்டுக்குள் விரல் பிடித்துத்தான். எனக்கும் தெரியும், தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அது தோலுக்குத்தான் என்று இருந்துவிட்டேன். "அஞ்சு விரல் புடிச்சே. அப்பால ரெண்டு. மொத்தம் ஏழு. ஞாயித்துக்கெழமையும் சேத்து! துண்டுக்குள்ள சொன்னத இந்த ஊர்ல யாரும் மாத்தினதில்ல."

"அவர் ஓட்டு?"

"அத்த நீ கேக்கவே இல்லியே."

ஆவணி 7, வியாழன்

விடியலில் ஷாப்பு. குடை, பத்திரிகை, மூக்குக்குக் கற்பூரம். கற்பூரம் தோற்றது.

தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் ஆண்கள். ஓரத்தில் பெண்கள் பட்டை இடிக்கிறார்கள். ஒரு மூட்டைமேல் ஏறி நின்று சீமைச் செய்தி படித்தேன். ஒருவரும் நிமிரவில்லை. பட்டை இடிக்கும் எல்லம்மா என்பவள், "அது கெடக்கட்டும் கம்பவுண்டரய்யா. கதையப் படிங்க" என்றாள்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதையை எடுத்தேன். ஜமீன்தார் மகனை யாரோ பாழுங்கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள். உலக்கைச் சத்தம் நின்றது. மேஸ்திரி அதட்டுவான் என்று பார்த்தேன். அவனும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

சாந்தா வாசலிலேயே நிறுத்தி, தலையில் ஒரு வாளி தண்ணீர். சட்டை கொல்லைக்குப் போயிற்று.

ஆவணி 9, சனி

அரிசி கம்மி, சொல்ல வேண்டும். குடை எங்கே?

கதை ஓடுகிறது. தள்ளியது பெரியப்பன்தான் என்கிறாள் எல்லம்மா. மேஸ்திரி, இல்லை, சமையற்காரன் என்கிறான். குழிக்குள்ளேயே இரண்டு கட்சி. தொண்டை கரகரக்கிறது. நடுவில் ஓர் இதழ் காணோம், போன மாதமே வாசகசாலையிலிருந்து எவனோ எடுத்துப் போய்விட்டான். நானாகக் கட்டிச் சொன்னேன். "இன்னிக்கு கதை நல்லால்ல" என்றார்கள்.

வாசகசாலையில் இத்தனை நாள் நான் கண்டதெல்லாம் கொட்டாவி முகங்கள். இங்கே ஒருத்தரும் கண்ணை எடுக்கவில்லை. சந்தோஷம். யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆவணி 11, திங்கள்

குரல் போய்விட்டது. கிணற்றுக்குள் கயிறு இறங்குகிறது, சரியாக அந்த இடத்தில். நானே கலக்கிய மருந்தைக் குடித்தேன். இதையா ஊருக்குக் கொடுக்கிறேன்!

"மிச்சம் எங்க?" என்று ஷாப்பே கேட்டது. வாசகசாலைத் திசையில் கையைக் காட்டினேன். கணக்கு பார்க்க வந்திருந்த ரஹமத் எனக்காகப் பேசினான். நாளைக்குப் போர்டு சாவடியைத் தராவிட்டால் வாசகசாலையே கிடையாது, அந்த அறை பட்டைக்குப் போகிறது என்றான்.

எல்லம்மா உலக்கையைக் கீழே போட்டாள். "பட்டைக்கா? நாங்க இடிக்கிற பட்டைக்கா?"

ஆவணி 12, செவ்வாய்

கூட்டம். எழுந்து நின்றேன். எட்டுப் பக்கப் பேச்சு கையில். வாயிலிருந்து எலி கத்துவது போல ஏதோ வந்தது.

"கம்பவுண்டர் இன்னா சொல்றாரு?" என்றார் பிரசிடெண்டு.

அப்போது ஒரு நாற்றம். மெம்பர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஷாப்பு ஆட்கள் முழுசும் வாசலில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லம்மா: "ஐயா, கெணத்துல வுழுந்தவன் பொழச்சானா செத்தானான்னு தெரியாம நாங்க எப்படி வேலை செய்யறது?"

பிரசிடெண்டு எழுந்தே விட்டார். "எந்தக் கெணறு? போலீசுக்கு ஆள் அனுப்புனீங்களா?"

"கதைங்க மாமா" என்றார் மைத்துனர். "பெரியப்பன்தான் தள்னது. அவன் துண்டு வேலில மாட்டினு இருந்துச்சே."

வேலியில் மாட்டிய துண்டு காணாமற்போன இதழில்தான் இருந்திருக்க வேண்டும். மைத்துனரைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றபடி கூரையைப் பார்த்தார்.

போதகர் ஐயா கை தூக்கினார். சாயபு தூக்கினார். நான் கேட்காமலே! ராமலிங்கம் ஜன்னலைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ரஹமத்திடம் மெதுவாக: "இதுல வூட்டு வரி கட்டி ஓட்டு போடறவங்க இருக்காங்களா?" "பாதிப் பேரு. உங்க வார்டுதான்." ராமலிங்கத்தின் கை உயர்ந்தது. கடைசியில் மைத்துனரும், தலை சொறிவது போல.

"மாட்டுக்கு இன்னா பண்றது?" பிரசிடெண்டு.

"மாடு கதை கேக்குமா?" சாயபு.

சாவடி நமக்கு. கத்த வேண்டும் போலிருந்தது. குரல் இல்லை. ரஹமத்தைக் கட்டிக்கொண்டேன்.

ஆவணி 20, புதன்

லேசான மழை. குரல் இன்றுதான் திரும்பியது. சாவடி கொஞ்சம் ஒழுகுகிறது, புத்தகங்களின் மேல் இல்லை.

கதவடியில் யாரோ காணாமற்போன அந்த இதழைச் செருகியிருந்தார்கள். வெற்றிலைக் கறையுடன்.

ஏழு நாளை மூன்றாக்கலாமா என்று சாயபுவிடம் கேட்டுப் பார்த்தேன். "சாவடி வேற, துண்டு வேற." நாளையிலிருந்து மறுபடி விடியலில் ஷாப்பு.

சாயந்திரம் முதல் ஆள் எல்லம்மா. கையைத் தேய்த்துக் கழுவியிருந்தாள், பட்டைக் கறை போகவில்லை. பின்னால் கூட்டம். கதை இதழை விரித்தேன். அவள் படிக்கத் தெரியாதவள். "அந்தக் கெணறு இதுல எங்க கீது?" என்றாள். கிணறு என்ற எழுத்தைக் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"படிங்க கம்பவுண்டரய்யா, பொழச்சானா?" பின்னாலிருந்து மேஸ்திரி.

பதில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. "விரலை எடும்மா" என்றேன்.

"இருங்க. நல்லா பாத்துக்கறேன்."

விரலை எடுக்கவில்லை. பக்கத்தைத் திருப்பாமல் நானும் நின்றேன்.