காகிதத் தட்டில் ஐந்து ஓட்டை

அன்புள்ள ஜனெலுக்கு,

அம்மா எழுதறேன். அலாஸ்காக் குளிர்ல நீ சளி கிளி பிடிக்காம இருக்கணும், ஆஸ்பத்திரி வேலைன்னு சாப்பிடாம கிடக்கக் கூடாது, அதுதான் இங்க எங்க பிரார்த்தனை. எங்க ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லை. கோழிங்க முட்டையிடறதை நிறுத்திடுச்சு. நன்றித் திருநாளுக்கு உன் சித்தப்பா கிளைடு வந்து வான்கோழியில பாதியை ஒத்தை ஆளா முடிச்சிட்டு, இனிப்புக்குச் சுட்ட பூசணிப் பை ஓரம் கருகிடுச்சு அண்ணின்னு குறை வேற சொன்னார். அடுத்த வருஷம் நீங்களே சமைச்சு எங்களைக் கூப்பிடுங்கன்னு சொன்னேன், கருகின ஓரத்தையும் சேர்த்துச் சாப்பிட்டார். நீ போன்ல கேட்டப்போ இந்த வருஷம் மான் கிடைக்கலைன்னு சொன்னேன் இல்லையா, அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. உண்மையைக் குழந்தைக்கு எழுதுன்னு அப்பாதான் சொன்னார், அதனால எழுதறேன்.

நம்ம வீட்டுத் தட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. வேட்டைக்கு முன்னாடி அக்டோபர்ல பின்பக்க மண்மேட்டுல ஒரு காகிதத் தட்டை ஆணியடிச்சு, வேலிக் கம்பத்துப் பக்கத்துல நின்னு ரிவால்வர்ல அஞ்சு குண்டு சுடணும். முதல் கம்பம் இருபது தப்படி, ரெண்டாவது நாப்பது, மூணாவது அறுபது. அஞ்சும் தட்டுல விழற கம்பம் எதுவோ அதுதான் அந்த வருஷம் உன் எல்லை, அதைத் தாண்டி எவ்வளவு பெரிய கொம்போட மான் நின்னாலும் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. தூரத்துல இருந்து சுடறவங்களுக்கு ரைபிள் இருக்கு, கைத்துப்பாக்கிக்காரன் பக்கத்துல போகணும், இல்லைன்னா சும்மா வீட்டுக்கு வரணும்னு உன் அப்பா போட்ட சட்டம். பேரும் கம்பமும் எழுதின தட்டெல்லாம் கொட்டகைச் சுவத்துல வரிசையா தொங்குது, உன் பதினாறு வயசுத் தட்டை மட்டும் எலி ஓரத்துல கடிச்சிருக்கு. ஒரு வருஷம் கிளைடு நாலு ஓட்டையோட வந்து, அஞ்சாவது குண்டு நாலாவது போன வழியாவே போயிடுச்சு அண்ணான்னு சாதிச்சார், அப்போ நீயும் வந்த வழியாவே போன்னு அப்பா அவரைத் திருப்பி அனுப்பினார். அவ்வளவு கறார் மனுஷன்.

இப்போ அப்பா கை நீ பார்த்த மாதிரி இல்லைடி. காபிக் கோப்பையை ரெண்டு கையால பிடிக்கிறார், அப்பவும் பாதி சட்டையில. நடுக்கம்தான், உயிருக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார், ஆனா சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டியிருக்கு, அது அவருக்குப் பிடிக்கலை. அக்டோபர்ல நான் ரெண்டாம் கம்பத்துல அஞ்சையும் போட்டேன். அவர் வழக்கம் போல மூணாம் கம்பத்துக்குப் போனார். கம்பத்துல கையை முட்டுக் கொடுத்து, மூச்சை அடக்கி அடக்கி, ஒவ்வொரு குண்டுக்கும் அவ்வளவு நேரம் எடுத்தார். தட்டை எடுத்துட்டு வர்றது எப்பவும் என் வேலைதானே, போய்ப் பார்த்தா மூணே ஓட்டை. திரும்பிப் பார்த்தேன். துப்பாக்கியைக் காலி பண்ணித் திறந்து வெச்சுக்கிட்டு, பரீட்சை முடிவுக்கு நிக்கிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துட்டு நின்னார். என் கோட்டுப் பையில பேர் எழுதற பென்சில் இருந்தது. முதுகைக் காட்டிக்கிட்டு அந்தப் பென்சிலால ரெண்டு குத்து குத்தினேன். அப்புறம் அதே பென்சிலால அப்பா பேரைப் போட்டு, ஹார்லன், மூணாம் கம்பம்னு எழுதினேன். கண்ணாடி போட்டுப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், ஆனா நான் கொண்டுவந்து கொடுத்த தட்டை அவர் எதுக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்கணும்? அன்னிக்கு மாட்டுக்குத் தண்ணி வைக்கும்போது விசிலடிச்சார். எத்தனை மாசம் ஆச்சு அந்த விசிலைக் கேட்டு. அதுக்காகத்தான் செஞ்சேன், வேற காரணம் எதுவும் என்கிட்ட இல்லை.

வேட்டை தொடங்கின திங்கக்கிழமை காலையில மேட்டுல இருக்கிற ஓக் மரத்தடியில ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எட்டு முனைக் கொம்போட ஒரு கிடா மான் சோளக்கொல்லைப் பக்கம் இருந்து வந்து நின்னுது. அறுபது தப்படி இருக்கும். அப்பா உடனே சுடலை, என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம்னு நான் தலையை ஆட்டியிருந்தா போதும், துப்பாக்கியை மடியில வெச்சிருப்பார். எனக்குத் தெரியும் அவர் கை, எனக்குத் தெரியும் அந்தத் தட்டு, தெரிஞ்சும் சுடுங்கன்னு தலையாட்டினேன். குண்டு வயித்துல பட்டுது. அது துள்ளி ஓடிச்சு, எங்க ஓடிச்சுன்னே தெரியலை. பொழுது சாயற வரைக்கும் ஒவ்வொரு இலையா புரட்டி ரத்தம் தேடினோம், மறுநாள் கிளைடையும் கூட்டிட்டுப் போனோம். மூணாம் நாள் ஓடைக்கரைப் புதர்ல கிளைடுதான் பார்த்தார். இறைச்சி எதுக்கும் ஆகாது. அது எவ்வளவு நேரம் அங்க கிடந்து துடிச்சுதோ. அப்பா தொப்பியைக் கழட்டிட்டு ஈரத்துல அப்படியே உட்கார்ந்துட்டார்.

அதுக்கப்புறம் தினமும் ஒரே பேச்சு. தட்டு பொய் சொல்லாது ஓபல், நான்தான் அவசரப்பட்டுட்டேன், நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு சாப்பிடும்போதும் அதையே சொல்றார், பல் விளக்கும்போதும் அதையே சொல்றார். நாலு நாள் கேட்டேன், அஞ்சாம் நாள் காலையில தாங்கலை, காபியை மேஜையில வெச்சுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். எழுந்து கொட்டகைக்குப் போய் அந்தத் தட்டை எடுத்துட்டு வந்து, இதுல எந்த ரெண்டுன்னு கேட்டார். காட்டினேன். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு, மானைப் பார்த்ததும் நான் உன்னைத்தானே பார்த்தேன் ஓபல்னார். அவ்வளவுதான் சொன்னார். அம்பது வருஷத்துல அவர் என்னை அப்படிப் பேசினதில்லை.

மறுநாள் புதுத் தட்டு ஒண்ணை எடுத்தார், நீ உள்ளேயே இருன்னார். சமையலறையில நின்னு அஞ்சு சத்தத்தையும் எண்ணினேன். முதல் கம்பத்துல இருந்துதான் சுட்டிருக்கார், நாலு ஓட்டை. ஹார்லன், கம்பம் இல்லைன்னு கோணல்மாணலா தானே எழுதிச் சுவத்துல மாட்டிட்டு, ரிவால்வரைத் துடைச்சு எண்ணெய் போட்டு அலமாரியில பூட்டினார். அன்னிக்குப் பூரா எனக்கு அழுகைதான். சாயங்காலம் என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, அடுத்த வருஷம் நான் வெறுங்கையோட உன் கூட வர்றேன், உனக்குக் காது மந்தம், சருகுச் சத்தம் கேட்டா நான் தொட்டுச் சொல்றேன்னார். அப்புறம், இனிமே அவங்கவங்க தட்டை அவங்கவங்களே போய் எடுக்கணும், இது புதுச் சட்டம்னார். சிரிச்சாரா இல்லையான்னு இன்னும் எனக்குத் தெரியலை.

நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனாலும் சொல்றேன், யார் முகம் வாடிப்போகுமேன்னு பயந்தும் ஒரு எண்ணை மாத்தி எழுதிடாதே கண்ணு. ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணு, எடுத்த உடனே இதைக் கேட்காதே, பனி, ரோடு, உன் வண்டின்னு பேசு, அவரே சொல்லுவார். கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி தனியா அனுப்பியிருக்கேன். கர்த்தர் உன்னை எல்லா நாளும் காப்பாத்தட்டும், உன் கை எடுத்த காரியம் எல்லாம் நல்லா நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஓபல்

பி.கு.: கூட வெச்சிருக்கிறது அந்தத் தட்டுதான். சுவத்துல அதுக்கு இடமில்லைன்னு அப்பா எடுத்துட்டார், ஆனா அடுப்புல போடவும் விடலை. ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. குண்டு போன ஓட்டையோட விளிம்புல கறுப்பா ஒரு வளையம் இருக்கும். வளையம் இல்லாத ரெண்டும் என்னோடது.