நாலாவது பாட்டில் நிற்கும் மெஷின்

என்னங்க,

வாட்ஸ்அப்ல அனுப்பினா பார்த்துட்டு சும்மா இருந்துடுவீங்க. அதான் பேப்பர்ல எழுதறேன்.

உங்க ஆல்பம் வந்துடுச்சு. நீங்க சொல்லல. கம்பெனியில எதிர் வரிசை சோபனாக்கா சாப்பாட்டு நேரத்துல போன்ல போட்டாங்க. ஒரு பாட்டு கானா மாதிரி போவுது, ஒண்ணு தர்காவுல பாடற கவ்வாலி மாதிரி, ஒண்ணு நம்ம சர்ச்சுல பாடற மாதிரி. எல்லாத்துக்கும் அடியில உங்க கிட்டார் மட்டும் ஒண்டியா முனகிக்கிட்டே வருது. கூட வாசிச்ச பேண்டு குழுவை விட்டுட்டு, வீட்டை விட்டுட்டு சென்னைக்குப் போனது வீண் போவல. நல்லாத்தான் இருக்குது.

நாலாவது பாட்டுக்குத் தாளம் என் தையல் மெஷின்தானே? நான் வீட்ல ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறப்ப நீங்க போன்ல புடிச்சது. அக்காவுக்குத் தெரியல. என் கால் மிதிக்கிறது எனக்குத் தெரியாதா?

நடுவுல மெஷின் டக்குன்னு நிக்குது. கிட்டாரும் இல்ல. கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. அந்த இடம்தான் சூப்பர்னு எல்லாரும் பாட்டுக்குக் கீழ கமெண்ட்ல எழுதியிருக்காங்க.

அங்க நான் "சாப்ட வாங்க"ன்னு உங்களைக் கூப்பிட்டேன். அதை வெட்டிட்டீங்க.

பரவால்ல. பாட்டுக்கு ஒத்து வந்திருக்காது.

நேத்து அக்கா மறுபடியும் போட்டாங்க. மெஷின் நின்னதும் என் வாய் தானா "சாப்ட வாங்க"ன்னுடுச்சு. அக்கா சிரிச்சுக்கிட்டே டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துட்டாங்க.

அவங்களைக் கூப்பிடலன்னு நான் சொல்லல.

இப்படிக்கு,
தாளம் போட்டவ