கட்டிலுக்கடியில் காட்டிய விரல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே என் முட்டிவலி வழக்கம்போல இருக்கிறது, அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மற்றதைப் படித்துவிட்டு நாங்கள் நலமா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடாமல் பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், போதாததற்கு போன் ஓடினால் பெட்டி குழம்புகிறதாம், பாதி நாள் அணைத்தே வைத்திருக்கிறோம். அதனால் உன் பழைய நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன், அவர் கடைக்குப் போயிருக்கிறார்.

பெட்டி என்றால் நீ அனுப்பிய அந்தப் புதையல் தேடும் கருவிதான். உன்னைக் குறை சொல்லவில்லை, வேலையை விட்டு வந்த மனிதர் பொழுதுபோக்காக ஏதோ கேட்கிறார் என்று வாங்கி அனுப்பினாய், நான்தான் கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கினேன். அதற்கு முன்பே இரண்டு வெல்டிங் கம்பிகளை வளைத்து, கைக்கு ஒன்றாகத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். கம்பிகள் தாமாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வந்தால் அதற்குக் கீழே பொருள் இருக்கிறது என்று வீடியோ வாத்தியார் ஒருவர் சொன்னாராம். உன் பெட்டி வந்ததும் அது விஞ்ஞானமாகிவிட்டது. பெட்டியிலிருந்து ஒயர் இழுத்து மண்ணில் இரண்டு ஆணி குத்துகிறார், தங்கத்துக்கு ஒரு எண், வெள்ளிக்கு ஒரு எண், குமிழைத் திருகி அந்த எண்ணில் வைத்தால் மண்ணுக்குள் இருக்கும் தங்கம் பதில் சொல்லுமாம். இதுவரை பதில் சொன்னவை ஒரு குழாய் மூடி, ஒரு உடைந்த பாட்டில், அப்புறம் சமையலறைக் கழிவுநீர்க் குழாய். அந்தக் குழாயைக் கடப்பாரையால் உடைத்தேவிட்டார், பதினைந்து நாளாக நான் பின்பக்கம் குந்திக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறேன்.

இதெல்லாம் உன் பெரியப்பா விஷயத்தில் தொடங்கியது. வாழ்நாள் முழுக்கக் கடிகாரம் ரிப்பேர் செய்தவர், கல்யாணம் காட்சி இல்லை, ஒரு பீடி சிகரெட் கிடையாது, சம்பாதித்த பணம் அவ்வளவும் எங்கே போயிற்று என்று தெருவே கேட்கிறது. அவர் பக்கவாதத்தில் விழுந்து நம் வீட்டில் வாய் பேச முடியாமல் கிடந்த பதினோரு மாதமும் அப்பா கப்பல் பட்டறையில் ஒப்பந்த வேலையில் இருந்தார், இந்த மாதம் வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று தள்ளிப்போட்டுக் கடைசி நாள்தான் வந்து சேர்ந்தார். வந்து கட்டில் பக்கத்தில் நின்றதும் பெரியப்பா இவர் முகத்தைப் பார்த்தார், பிறகு விரலைக் கீழே காட்டினார், இரண்டு தடவை. அன்று சாயங்காலம் உயிர் போய்விட்டது. "அண்ணன் எங்கிட்ட சொல்லத்தான் உயிரப் புடிச்சிட்டு இருந்தாரு" என்று உன் அப்பா பிடித்த பிடியை இன்னும் விடவில்லை. பதினோரு மாதம் பார்த்த எனக்கு அந்த விரல் என்ன கேட்டது என்று தெரியாதா. கட்டிலுக்கடியில், படுத்தபடியே போவதற்கு வைக்கிற பெட்பேன் இருந்தது. ஆள் யாராவது வந்து நின்றால் அவருக்குக் கூச்சத்தில் முட்டிக்கொண்டு வரும், என்னைப் பார்த்து விரலைக் கீழே காட்டுவார், எடுத்து வைப்பேன். இதை உன் அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். "உனக்கு என் அண்ணன் அவ்வளவு கேவலமா போயிட்டாரா" என்று இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நான் செய்த கூத்தைக் கேள். என் நகை பெட்டியை இழுக்கிறது என்று கம்மலையும் வளையலையும் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார், நாலு மாதமாக மூளிக் கையோடுதான் திரிகிறேன், அவர் கண்ணில் அது படவே இல்லை. ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் மனசு ஆறி நிறுத்திவிடுவார் என்று எனக்கொரு புத்தி போயிற்று. அவர் பேட்டரி வாங்கப் போன நேரத்தில் என் இரண்டு வளையலையும் பழைய பவுடர் டப்பாவில் போட்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டேன். மூன்று தடவை அதன் மேலேயே நடந்தார், கம்பி அசையவில்லை, பெட்டி வாயைத் திறக்கவில்லை. எனக்கே பொறுக்காமல் நாலாவது தடவை போய் அங்கே நின்று, "இந்தப் பக்கம் பாத்தீங்களா" என்றேன். உடனே கம்பி இரண்டும் டங்கென்று முட்டிக்கொண்டன. டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். யாரையோ கட்டிக்கொள்வதற்காக அண்ணன் வாங்கி மறைத்து வைத்திருக்கிறார், நம்மிடம் சொல்லாமலே போய்விட்டார் என்று அங்கேயே ஒரு கதையும் கட்டிவிட்டார். முப்பத்து நாலு வருஷம் நான் போட்டுக்கொண்டு அவருக்குச் சோறு போட்ட வளையல், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

நிறுத்துவார் என்று நினைத்தது என் முட்டாள்தனம். பெட்டி பொய் சொல்லாது என்று உறுதியாகிவிட்டதால், பெரியப்பா படுத்திருந்த அறையில் கட்டில் கிடந்த இடத்திலிருந்து தோண்டத் தொடங்கி இப்போது பின்சுவரின் அஸ்திவாரத்துக்கே போய்விட்டார். குழாயைச் சரிபார்க்க வந்த கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இனிமே ஒரு குத்து விழுந்தாலும் சுவர் நிக்காது, அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவோ வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அந்தக் குழிக்குள்ளேதான் நிற்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். அதனால் நீ போன் செய்து ஒன்றே ஒன்று சொல், வளையலைத் திருப்பி உள்பக்கம் பார்க்கச் சொல். உனக்கு நாலு வயதிருக்கும்போது கதவைச் சாத்தி என் கையை வளையலோடு நசுக்கினாயே, அந்தச் சொட்டை அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். சீக்கிரம் செய்.

இதுவரை எழுதி மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன், தபாலில் போட முடியவில்லை. மறுநாள் காலையே சுவர் சரிந்துவிட்டது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கால் கணுக்காலில் இரண்டு எலும்பு முறிந்திருக்கிறது, கொத்தனாரும் எதிர்வீட்டுத் தையல்காரரும் சேர்ந்து கல்லைப் புரட்டி இழுத்தார்கள், தொடைவரை கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது. போனில் உன்னிடம் வழுக்கிவிட்டது என்று சொன்னது பொய். நாலாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம், தலைப்பக்கம் தூக்கிவிடுகிற கட்டில் நம்மிடம் பெரியப்பாவுடையது ஒன்றுதான், அதைக் கூடத்தில் போட்டுப் படுக்க வைத்தேன். படுத்துக்கொண்டும் கம்பியைக் கையில் வைத்திருந்தார், நீ கொஞ்சம் குமிழைத் திருகு என்று என்னையே ஏவினார்.

நேற்றுக் காலை கொத்தனாரும் அவர் மனைவியும் மிச்சமிருக்கும் சுவருக்கு முட்டுக் கொடுக்க வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அந்த அம்மா ஆறுதலாக ஏதேதோ பேசிக்கொண்டிருந்தது. உன் அப்பாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து சொல்லக் கூச்சம், விரலைக் கீழே காட்டினார், இரண்டு தடவை. எனக்குப் பழகிய சைகை அல்லவா, நான் யோசிக்கவே இல்லை, அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பெட்பேனை எடுத்து வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்பேனைக் கழுவி வைத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, "அப்போ அண்ணன் எங்கிட்ட எதுவுமே சொல்லலையா" என்று கேட்டார். இல்லை என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் அந்தப் பவுடர் டப்பாவைக் கேட்டார். வளையலை எடுத்து உள்பக்கம் தடவிப் பார்த்து, "கதவு நசுக்குனது" என்றார். தானே என் கையில் போட்டுவிட்டார், என் கை வீங்கியிருக்கிறது, சோப்புப் போட்டுத்தான் ஏறிற்று. இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு என்னிடம் கோபப்படு, அவரிடம் ஒன்றும் கேட்காதே. போன் செய்தால் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். முடிந்தால் லீவு போட்டுவிட்டு வந்துவிடு, அடுத்த மாதம் வருகிறேன் என்று எங்களிடம் சொல்லாதே. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் இருவருடைய ஆசிகள், மூவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருங்கள். குழந்தையின் காது மறக்காதே.

அன்புடன்,
அம்மா