பக்கத்து சீட்டின் எடை

பிளிமத், விஸ்கான்சின்
17 ஜனவரி 1993

அன்புள்ள ஆர்டிஸ்,

போனில் பேசினால் நான் இரண்டாவது நிமிடமே குரலை உயர்த்துகிறேனாம், இனிமேல் ஏதாவது சொல்வதென்றால் எழுது என்று சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பில் விறகு போட்டுவிட்டு வந்தேன்.

ஒரு ரப்பர் சந்தேகம். ரப்பர் ஆலையின் சோதனைக்கூடத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்த உன்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? நம் பழைய ட்ரயம்ஃப் காரின் சஸ்பென்ஷனை முழுவதும் பிரித்துப் போட்டிருக்கிறேன். முன்பு போட்ட நைலான் புஷ் எல்லாம் தேய்ந்து கோணலாகிவிட்டது. மறுபடி நைலானே போடவா? புதிதாகப் பாலியூரித்தேன் என்று ஒன்று வந்திருக்கிறது, கேட்லாக்கில் சிவப்பாக, மிட்டாய் மாதிரி இருக்கிறது. என் ரேஸ் கூட்டாளி டியூயியிடம் ரப்பர் என்று வாயைத்தான் திறந்தேன். "டேய், ரப்பரா? அது சர்ச்சுக்குப் போற கெழவிங்க வண்டியில போடறதுடா! ஜூலைல எல்கார்ட் ஏரி டிராக்குல ரேஸ் இருக்கு, ஞாபகம் இருக்கா இல்லியா?" என்று கத்தினான்.

இரண்டு வாரம் என்று சொல்லி உன் அக்கா வீட்டுக்குப் போனாய். நாலு மாதம் ஆகிறது. தோட்டத்துக் குழாயை மூட மறந்துவிட்டேன், உறைந்து வெடித்துவிட்டது. மற்றபடி நலம். உன் முதுகு எப்படி?

உன்
ஹார்லன்


டுலூத், மினசோட்டா
28 ஜனவரி

அன்புள்ள ஹார்லன்,

கடிதம் கிடைத்தது. காருக்கு ஒரு பக்கம், என் முதுகுக்கு ஒரு வரி. கோரின் அக்கா கவரைப் பார்த்ததுமே, "உன் புருஷன் காரைப் பத்தி எழுதலன்னாதான்டி நாம பயப்படணும்" என்றாள். பிறகு புஷ் என்றால் என்ன என்று கேட்டாள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் என்கிற இரும்புக் கை, வண்டிச் சட்டத்தோடு சேருகிற இடத்தில் இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளாமல் நடுவில் உட்காருகிற சின்ன உருளை என்றேன். "அடிபடறதுக்குன்னே ஒண்ணா? பாவம்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். நைலான் கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி உடனே திரும்பும், ஆனால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் உட்கார்ந்திருப்பவர் உடம்புக்கு வந்து சேரும். பாலியூரித்தேன் இரண்டுக்கும் நடுவில். ஆனால் அது உள்ளே வழுக்கிச் சுற்றுவதால் கிரீஸ் வேண்டும், இல்லாவிட்டால் பழைய கதவு மாதிரி கத்தும். நீ எதற்குமே நேரத்தில் கிரீஸ் போட்டதில்லை. ரப்பர் வழுக்காது. இரண்டு பக்கமும் இரும்பைப் பிடித்துக்கொண்டு, தானே முறுக்கிக்கொண்டு, தானே திரும்பி வரும். மூன்றிலும் அதுதான் மெத்தென்று இருக்கும்.

எது நல்லது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கார் யாருக்கு? ரேஸைப் பற்றிச் சொன்னாய், டியூயியைப் பற்றிச் சொன்னாய். அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று சொல்லவில்லையே.

ஏரி முழுக்க உறைந்துவிட்டது. காலையில் ஒரு பேக்கரியில் வேலைக்குப் போகிறேன். முதுகு பரவாயில்லை.

ஆர்டிஸ்


பிளிமத்
6 பிப்ரவரி

அன்புள்ள ஆர்டிஸ்,

யாருக்கா? இது என்ன கேள்வி? நம் இரண்டு பேருக்கும்தான். நீதான் ஏறுவதை நிறுத்திவிட்டாய். கிரீன் பே ஊரில் அந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்ததிலிருந்து ஒரு நாள்கூட அதில் நீ உட்காரவில்லை. என்ன கோபம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாய்.

பாலியூரித்தேன் ஆர்டர் செய்தேன். மறுநாள் வேண்டாம் என்று போன் செய்தேன். அடுத்த நாள் மறுபடி வேண்டும் என்றேன். கடைப்பெண்ணுக்கு என் குரல் பழகிவிட்டது. "மறுபடியும் நீங்களா சார்? இன்னிக்கு என்ன மூடுல இருக்கீங்க, போடணுமா வேணாமா?" என்கிறாள். நேற்றும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்புறம் டிரக்கை எடுத்துக்கொண்டு ஷெபாய்கன் வரைக்கும் போய், ஏரியைப் பார்த்துவிட்டு, இறங்காமலே திரும்பி வந்தேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கல்யாணத்தில் அப்படி என்ன நடந்தது?

உன் ஹார்லன்


டுலூத்
19 பிப்ரவரி

அன்புள்ள ஹார்லன்,

கல்யாணத்தில் ஒன்றும் நடக்கவில்லை. போகிற வழியில் நடந்தது.

எனக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி அப்போது ஐந்து மாதம். நீ நைலான் போட்டு ஒரு வாரம். கீல் ஊரைத் தாண்டுவதற்குள் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சில்டன் வந்ததும், "கொஞ்சம் நிறுத்தேன், ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றேன். "இன்னும் அரை மணி நேரம்தான் ஆர்டிஸ், சூப்பரா போயிட்டிருக்கு, இப்பப் போய் எதுக்கு நிறுத்தணும்?" என்றாய். கல்யாணத்தில் எல்லோரும் போல்கா ஆடினார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். உட்கார முடியவில்லை. யாரிடமோ என்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது, "வளைவுல எப்படி ஒட்டிக்கிட்டுப் போகுது பாத்தியா?" என்று கேட்டாய். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கார் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பக்கத்திலேயே இருக்கிறேன், அப்படியும் உன் கண்ணில் படவில்லை. அதுதான் என்னை வாட்டியது. அன்றைக்கே போய்விட வேண்டும் என்று நினைத்தேன். கிளம்புவதற்கு இரண்டு வருஷம் பிடித்தது.

இதை எழுதிவிட்டேனே தவிர, நீ இரவு சரியாகச் சாப்பிடுகிறாயா என்றுதான் கவலை. ஃப்ரீசரில் பின்பக்கம் சூப் இருக்கிறது.

ஆர்டிஸ்


பிளிமத்
11 ஏப்ரல்

அன்புள்ள ஆர்டிஸ்,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் பார்க்கவில்லை. அது உண்மை. வேறென்ன எழுதுவது?

கடைக்குப் போன் செய்து ரப்பர் கொடு என்றேன். அந்தப் பெண், "சார், நிச்சயமா?" என்று மூன்று தடவை கேட்டாள். டியூயி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பெட்டி வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். காத்திருக்க முடியவில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் படுத்துக்கொண்டு, கை வலிக்க வலிக்க ஒவ்வொரு நட்டையும் இறுக்கினேன். இறக்கிப் பார்த்தால் அழகாக இருக்கிறது. மூக்கு மட்டும் முன்னைவிட ஒரு அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சீஸ் ஆலை வரைக்கும் ஓட்டிப் போய் வந்தேன். மெத்தென்று இருக்கும் என்று எழுதியிருந்தாய், எனக்கு என்னவோ விறைப்பாகத்தான் தெரிகிறது. போகப் போகப் பழகிவிடுமா?

சூப்பைக் கண்டுபிடித்தேன். தீர்ந்தும்விட்டது.

உன் ஹார்லன்


டுலூத்
20 ஏப்ரல்

அன்புள்ள ஹார்லன்,

பழகாது. கிழியும்.

சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை இறுக்கிவிட்டாய், இல்லையா? படித்ததும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். என்னவோ ஏதோ என்று கோரின் ஓடி வந்தாள். நைலானுக்கு எப்படி இறுக்கினாலும் ஒன்றுதான், அது சுற்றிக்கொள்ளும். ரப்பர் அப்படியில்லை. எந்த நிலையில் பிடித்தாயோ அதுதான் அதற்கு ஓய்வு நிலை. நீ தொங்குகிற நிலையில் பிடித்துவிட்டாய். தரையில் இறக்கிய நிமிடத்திலிருந்து அது முறுக்கிக்கொண்டே நிற்கிறது. அதனால்தான் மூக்கு தூக்குகிறது, அதனால்தான் விறைப்பு.

எல்லா நட்டையும் தளர்த்து. சக்கரம் தரையில் இருக்க வேண்டும். சீட்டில் எவ்வளவு எடை ஏறி உட்காருமோ அதை ஏற்று. வண்டியை நாலு பக்கமும் அமுக்கிவிடு. அப்புறம்தான் இறுக்க வேண்டும்.

ரப்பர் போட்டதற்கு நன்றி. கண் கலங்குகிறது, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

ஆர்டிஸ்


பிளிமத்
26 ஏப்ரல்

அன்புள்ள ஆர்டிஸ்,

தளர்த்திவிட்டேன். மூக்கு தானாக இறங்கியது. நாலு சக்கரத்தையும் தடித்த பலகை மேல் ஏற்றியிருக்கிறேன், அடியில் புகுந்துகொள்ளலாம். எடைக்கு, குழாய்த் தண்ணீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னருக்கு வாங்கிய நாற்பது பவுண்டு உப்பு மூட்டைகள். என் சீட்டில் ஐந்து வைத்தேன். அதுதான் என் கணக்கு, சிரிக்காதே.

உன் சீட்டுக்கு எத்தனை? முன்பு நீ மூன்றரை மூட்டை இருப்பாய். இப்போது எவ்வளவு எடை இருக்கிறாய்? கேட்கலாம் அல்லவா?

உன் ஹார்லன்


பிளிமத்
20 மே

அன்புள்ள ஆர்டிஸ்,

பதில் இல்லை. எடை கேட்டது தப்பா? டியூயியிடம் சொன்னேன். "எந்தப் பொம்பளகிட்டயாவது லெட்டர் போட்டு வெயிட்டு கேப்பாங்களாடா, கூறு கெட்டவனே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

நட்டெல்லாம் விரலால் திருகிய அளவில் அப்படியே இருக்கிறது. ஸ்பேனரைத் தொடவில்லை. தினம் காலையில் கராஜுக்குப் போகிறேன், காரைச் சுற்றி வருகிறேன், தபால் பெட்டிக்குப் போகிறேன், மறுபடி கராஜுக்கு வருகிறேன். தபால்காரர் என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார்.

ரேஸுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை.

ஹார்லன்


டுலூத்
2 ஜூன்

அன்புள்ள ஹார்லன்,

எடை கேட்டதற்குக் கோபமில்லை. கோரினுக்கும் படித்துக் காட்டிச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். ரப்பரைப் பற்றிக் கேட்டிருக்கிறாய், முதுகைப் பற்றிக் கேட்டிருக்கிறாய், எடையைக் கேட்டிருக்கிறாய். "வா" என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. எழுதினால் வந்துவிடுவேன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அதைத் தேடினேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில்கூடப் பார்த்தேன் ஹார்லன். அவ்வளவுதான்.

ஆர்டிஸ்


பிளிமத்
18 ஜூலை

அன்புள்ள ஆர்டிஸ்,

ஜூன் முழுக்க இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

இன்றைக்கு ரேஸ். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் பின்வாசல் வரைக்கும் என்ஜின் சத்தம் கேட்டது. கிளம்பும்போது டியூயி வந்து, "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல, பேரை அங்கயே குடுத்துக்கலாம், நட்டை இறுக்குடா, போலாம்" என்றான். இல்லை, நீ போ என்றேன். படியில் உட்கார்ந்து, கடைசிச் சத்தம் அடங்கும்வரை கேட்டேன். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

கதவு திறந்தே இருக்கிறது, உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு இந்த வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

வா, ஆர்டிஸ்.

உன் சீட்டில் மூன்றரை மூட்டை இருக்கிறது. நீ வந்து உட்காரும்வரை நட்டு தளர்வாகவே இருக்கும். இல்லை, இறுக்கு என்றால் இறுக்குகிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

உன் ஹார்லன்


டுலூத்
29 ஜூலை

என் அன்புள்ள ஹார்லன்,

பேக்கரியின் பின்கட்டில் மாவுக் கையோடு படித்தேன். அழுதேன். இந்தத் தடவை நீ பக்கத்தில் இருந்திருந்தால் பார்த்திருப்பாய் என்று நம்புகிறேன்.

நான் வரவில்லை.

உனக்குத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளாதே. நீ ரேஸை விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இங்கே காலை வேலை முடிந்ததும் ஏரிக்கரையில் நடக்கிறேன். முதுகு வலித்தால் நிற்கிறேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பேக்கரிக்கு மேலே இரண்டு அறை காலியாகிறது, ஆகஸ்ட் முதல் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன் மேல் எனக்குப் பிரியம் போகவில்லை. ஆனால் இப்போதும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தால் கை தானாகக் கதவுக் கைப்பிடியைத் தேடுகிறது. புஷ்ஷை மாற்றினால் அது போகாது.

உன் கேள்விக்குப் பதில். பக்கத்து சீட்டில் ஒன்றும் வைக்காதே. மூட்டைகளை இறக்கிவிடு. உன் எடை மட்டும் போதும். வண்டியை நன்றாக அமுக்கிவிட்டு, அப்புறம் இறுக்கு. அவசரப்படாதே.

ஓட்டிப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறதென்று எழுது.

ஆர்டிஸ்


பிளிமத்
8 ஆகஸ்ட்

அன்புள்ள ஆர்டிஸ்,

நீ சொன்னபடியே செய்தேன். நான் அடியில் படுத்து இறுக்கும்போது என் சீட்டில் டியூயி உட்கார்ந்தான், அவனும் நானும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான். ரப்பரைப் பற்றிக் கிண்டல் ஒன்றும் செய்யவில்லை. "முடிஞ்சுதாடா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டான். உப்பையெல்லாம் சாஃப்ட்னரில் கொட்டிவிட்டேன்.

இன்று கிரீன் பே ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சங்கூடக் குலுங்கவில்லை. வளைவில் லேசாகச் சாய்கிறது, பரவாயில்லை. உனக்குப் பிடித்திருக்கும்.

சில்டனில் நிறுத்தி ஒரு காப்பி குடித்தேன்.

ஹார்லன்