அது எந்த ஆடு?

எஷோவே, 12 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. போன ஞாயிறு நின்றுகொண்டே பிரசங்கம் செய்தேன். உங்களிடமிருந்துதான் ஒரு வரி இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். நான் நினைவு தப்பிக் கிடந்தபோது ஊரிலிருந்து ஆட்டிறைச்சி கொண்டுவந்தீர்களே, அது எந்த ஆடு? என் பாதத்தில் ஏதோ தடவினீர்களாம். எண்ணெய் என்றிருந்தேன். "போதகரே, ஆட்டுப் பித்த வாடைல்ல அடிச்சுது!" என்று எங்கள் சபை மூப்பர் மசிபூக்கோ சிரிக்கிறார்.

தம்பி,
முசா

நொங்கோமா, 20 மே

என் முசாவுக்கு,

நீ எழுந்து நின்றதைப் படித்து அழுதேன். இங்கே இந்த வருஷம் மழையில்லை, சோளம் கருகிப்போயிற்று.

ஆடு என்றால் ஆடுதான். கண் விழித்ததும் எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டாய், இப்போது விசாரணையா? மசிபூக்கோவுக்கு வேறு வேலை இல்லையா?

அக்கா,
தோலக்கேலே

எஷோவே, 2 ஜூன்

அக்கா,

மழுப்பாதீர்கள். முன்னோருக்கு ஆடு வெட்டினால்தானே அதன் பித்தத்தைப் பாதத்தில் தடவுவார்கள்? அவர்களுக்குப் படைத்த இறைச்சியா அது? கிறிஸ்து ஒரே தரம் பலியானார், இனி ரத்தம் வேண்டாம் என்று வாராவாரம் சொல்கிறவன் நான். ஜெபத்தால் பிழைத்தேன் என்று சபையில் சாட்சியும் சொல்லிவிட்டேன். யார் கேட்டு இதைச் செய்தீர்கள்?

முசா

நொங்கோமா, 11 ஜூன்

தம்பி,

வெட்டினேன். "அப்பா, உங்க பையன் மேல கோவம் வேணாம். இந்த ஆட்ட ஏத்துக்கிட்டு அவன எழுப்பி விடுங்க" என்று செத்துப்போன நம் அப்பாவைக் கூப்பிட்டேன். ஒருத்தருக்காக ஒருத்தர் செத்ததைத்தானே நீயும் சொல்கிறாய்?

யாரும் கேட்கவில்லை. உன் வீட்டில் யாரையும் சந்தேகப்படாதே.

தோலக்கேலே

எஷோவே, 22 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

'யாரையும் சந்தேகப்படாதே' என்று படித்ததும் என் மனைவி நொமாலங்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மறைக்கவில்லை.

"நான்தான் உங்க அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. முழங்கால் தேய ஜெபமும் பண்ணினேன். எந்தக் கதவு திறக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

அவளோடு நான் பேசுவதில்லை. நேற்று ஆலயத்தில் அப்பத்தைப் பிட்டு, 'உங்களுக்காகக் கொடுக்கப்பட்ட சரீரம்' என்றேன். அவளும் கை நீட்டினாள். கொடுத்தேன். மசிபூக்கோவிடம் எண்ணெய்தான் என்று சொல்லிவிட்டேன்.

இனி இறைச்சி கொண்டுவராதீர்கள். நீங்கள் மட்டும் வாருங்கள்.

வெட்டும்போது ஆடு கத்தினால்தான் முன்னோர் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்பார் அப்பா. யாரிடமும் காட்டாமல் எனக்கு மட்டும் எழுதுங்கள்: அது கத்தியதா?

தம்பி,
முசா